யாருமற்ற ஊரும் எங்கள் ஊரும்

கணினி விளையாட்டைப் பற்றி இலக்கிய வாசகர்களிடம் பேசப் புகும்போது ஒரு சிறு கூச்சம் எழவே செய்கிறது. நாற்பதை நெருங்கும் மூன்று பேர், இரவெல்லாம் விழித்திருந்து விளையாடியதை ஓர் அனுபவமென்று எழுதத்தான் வேண்டுமா என்று எங்களுக்குள் பலமுறை கேட்டுக்கொண்டோம். ஆயினும் நாங்கள் வாசித்த நாவல்கள் எங்களிடம் எழுப்பாத ஒரு கேள்வியை இந்த விளையாட்டு எழுப்பிவிட்டது. அக்கேள்வி எங்கள் ஊரான மணமேல்குடியோடும், 2018 நவம்பரில் வீசிய கஜா புயலோடும் பிரிக்கவியலாதபடி கலந்துகிடக்கிறது. ஆகவே எழுதுகிறோம்.

மணமேல்குடி புதுக்கோட்டை மாவட்டத்தின் கடலோரச் சிற்றூர். பெரியபுராணம் படித்தவர்கள் இதனைக் குலச்சிறை நாயனாரின் ஊராக அறிந்திருக்கக்கூடும். மற்றவர்களுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கட்டுமாவடிக்கும் கோட்டைப்பட்டினத்துக்கும் இடையே கடந்துபோகும் ஒரு பேருந்து நிறுத்தம். கடல் என்று சொன்னாலும் அலை எழுந்து மிரட்டும் கடலன்று. பாக் நீரிணையின் ஆழங்குறைந்த, சேறு கலந்த, ஏரியைப் போலக் கிடக்கும் நீர்ப்பரப்பு. நாங்கள் மூவரும் இங்கே ஒரே வகுப்பில் படித்தவர்கள். இருவர் வேலைக்காகச் சென்னைக்குப் போனோம். ஒருவர் ஊரிலேயே இருந்துவிட்டார். புத்தகமும் திரைப்படமும் கணினி விளையாட்டும் தொலைபேசி வழியாக எங்களைச் சேர்த்துவைத்திருந்தன.

விளையாட்டின் பெயர் ஃபால்அவுட் 76. 1997-இல் தொடங்கிய ஃபால்அவுட் வரிசையில், இணையத்தின் வழியே பலர் ஒரே உலகில் சேர்ந்து உலவும்படி அமைந்த ஆட்டம். பெதஸ்டா என்னும் அமெரிக்க நிறுவனம் இதை 2018 நவம்பர் 14 அன்று வெளியிட்டது. கதை எளிமையானது. 2077-இல் அணுவாயுதப் போர் நிகழ்ந்து உலகம் அழிகிறது. மேற்கு வர்ஜீனியாவின் மலைகளுக்குள் கட்டப்பட்ட ஒரு நிலவறையில் சிலர் தப்பியிருக்கிறார்கள். 25 ஆண்டுகள் கழித்து, 2102-இல், அதன் கதவு திறக்கிறது. நாம் வெளியே வருகிறோம்.

வெளியே யாருமில்லை. இதுதான் இந்த விளையாட்டின் தனித்தன்மை. ஓர் உலகில் 24 பேர் வரை விளையாடலாம். அவர்களைத் தவிர உயிரோடு பேசும் மனிதர் ஒருவர்கூடக் கிடையாது என்ற ஏற்பாட்டோடுதான் அது வெளிவந்தது. இருந்தவர்கள் விட்டுச்சென்ற ஒலிநாடாக்கள் உண்டு, கணினித் திரைகளில் குறிப்புகள் உண்டு, கடிதங்கள் உண்டு. எசமானர்கள் மடிந்தது தெரியாமல் வரவேற்புரை கூறிக்கொண்டிருக்கும் இயந்திரங்கள் உண்டு. விமர்சகர்கள் பலரும் இதையே பெருங்குறையாகச் சொன்னார்கள். எங்களுக்கோ அதுவே பெரிய ஈர்ப்பாக இருந்தது. துப்பாக்கி சுடுவதைவிட, கைவிடப்பட்ட வீடுகளில் நுழைந்து அவற்றைப் படிப்பதில்தான் எங்களுக்கு நாட்டம்.

சென்னை அறையில் இருந்தது ஒரே கணினி. மூவரும் சேர்ந்துதான் அந்தக் கதவைத் திறக்க வேண்டும் என்று உறுதி. ஊரிலிருந்தவர் நவம்பர் 15, வியாழக்கிழமை இரவுப் பேருந்துக்குப் பதிவு செய்திருந்தார். புயல் எச்சரிக்கை வந்ததால் பயணத்தைக் கைவிட்டார்.

*

நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையைக் கடந்தது. கடலோரத்தோடு வலுவிழந்துவிடும் என்று நினைத்திருந்தவர்களை ஏமாற்றி, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை என்று உள்நிலத்துக்குள் மேற்கே நடந்து சென்றது. ஊரிலிருந்த நண்பருடன் நள்ளிரவுக்குப் பின் தொடர்பு அற்றுப்போனது. கடைசியாக அவர் சொன்னது, "சத்தம் காத்து மாதிரி இல்லடா, லாரி வர்ற மாதிரி இருக்கு" என்பது.

சென்னையிலிருந்த நாங்கள் இருவரும் மறுநாள் அறந்தாங்கி வந்து சேர்ந்தோம். அங்கிருந்து இருசக்கர வாகனம். சாலையின் குறுக்கே புளியமரங்கள். அவற்றில் ஆள் புகுமளவு மட்டும் கிளை வெட்டி வழி விட்டிருந்தார்கள். மின்கம்பங்கள் பாதியில் ஒடிந்து, உள்ளிருக்கும் கம்பி மட்டும் வளைந்து நின்றன. தென்னந்தோப்புகள்தாம் எங்களை நிறுத்தின. ஒரு தோப்பில் எல்லா மரங்களும் ஒரே திசையில் தலைவைத்துப் படுத்திருந்தன. அடுத்த தோப்பில் வேரோடு சாயாமல் நடுத்தண்டில் திருகி முறிந்திருந்தன. மரங்கள் மறைத்திருந்த வானம் இப்போது திடீரென்று மிகப் பெரிதாகத் தெரிந்தது.

இங்கே ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த முதல் கணத்தில் எங்களுக்குத் தோன்றியது துயரமன்று. வியப்பு. இன்னும் நேர்மையாகச் சொன்னால், ஒருவகை அழகு. ஒளி சாய்வாக விழுந்திருந்தது. எந்த ஒலியும் இல்லை. நாங்கள் வண்டியை நிறுத்திக் கைபேசியை எடுத்துப் படம் பிடித்தோம். இரண்டு, மூன்று, பத்து. மரங்களுக்கிடையே ஒரு கட்டில், அதன்மேல் ஒரு முறிந்த தலை, சிதறிய குரும்பைகள் என்று நல்ல கோணம் தேடி நகர்ந்துகொண்டிருந்தோம்.

அப்போது ஓலைக்குவியலுக்கு அப்பால் ஒருவர் நிமிர்ந்தார். கையில் அரிவாள். எங்களுள் ஒருவருக்குப் பெரியப்பா முறை. தோப்பு அவருடையது.

"ஏம்ப்பா, படம் புடிக்க வந்தியளா, மரத்தத் தூக்க வந்தியளா?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "இல்ல பெரியப்பா…" என்று தொடங்கிய வாக்கியம் முடியவில்லை. கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு மட்டை இழுக்கத் தொடங்கினோம். அன்றிரவு மூவரும் சேர்ந்து அமர்ந்தபோது, அந்தப் படங்களையெல்லாம் ஒன்றுவிடாமல் அழித்தோம்.

அடுத்த சில வாரங்கள் ஊர் எப்படியிருந்தது என்பதை இப்பகுதியைச் சேர்ந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வாடகைக்கு ஜெனரேட்டர் பிடித்தோம். கைபேசிக்கு உயிரூட்டவும் அந்த ஜெனரேட்டரிடமே வரிசை. மெழுகுவத்திக்கு இரட்டை விலை. வெளிமாவட்டங்களிலிருந்து மின்வாரியப் பணியாளர்கள் வந்து, வயல் சேற்றில் முழங்கால் புதைய, தோளில் கம்பம் சுமந்தார்கள். வெளியூர்களிலிருந்து வந்த நிவாரண வண்டிகள் பெரும்பாலும் பெரிய சாலையோடு நின்றுவிட்டன. உள்ளே இருந்த குடியிருப்புகளுக்கு நாங்கள் பாயும் தண்ணீர்ப் புட்டியும் சுமந்து போனோம். விழுந்த தென்னைக்கு அரசு அறிவித்த தொகை மரமொன்றுக்கு 1,100 ரூபாய். அதில் 500 ரூபாய் மரத்தை வெட்டி அகற்றுவதற்கு. எஞ்சியது, இருபது முப்பது ஆண்டுகள் ஒரு குடும்பத்துக்குச் சோறு போட்ட மரத்தின் விலை.

*

நிலவறையின் கதவை நாங்கள் திறந்தது 2019 பொங்கலுக்குப் பிறகு, சென்னை அறையில். ஊரிலிருந்தவரும் வந்திருந்தார். மறக்க வேண்டும் என்பதற்காகவே திறந்தோம் என்று சொல்லலாம்.

இலையுதிர்காலக் காடு. சிவப்பும் மஞ்சளுமாக மலைச்சரிவுகள். போர் முடிந்து கால் நூற்றாண்டு ஆகிவிட்டதால் மரங்கள் மீண்டும் தழைத்திருந்தன. காற்று இலைகளுக்குள் புகுந்து வெளிவரும் ஓசையைத் தவிர வேறொன்றும் இல்லை. தொலைவில் துருப்பிடித்த மின்கோபுரங்கள். இந்நிலம் முற்றிலும் கற்பனையன்று. சார்ல்ஸ்டன், மார்கன்டவுன், ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி என்று மேற்கு வர்ஜீனியாவின் உண்மையான ஊர்களும் பாலங்களும் சுருங்கிய வடிவில் அங்கே இருந்தன. அம்மாநிலத்தின் சுற்றுலாத் துறை விளையாட்டு நிறுவனத்தோடு கைகோத்து, இந்த அழிந்த நிலத்தைக் காட்டியே பயணிகளை அழைத்ததும் நடந்தது.

முதலில் எதிர்ப்படும் சிற்றூர் ஃப்ளாட்வுட்ஸ். ஒரு தேவாலயம், ஒரு மதுக்கடை, சில வீடுகள், ஓர் ஆறு. போருக்குப்பின் தீயணைப்பு வீரர்களும் காவலர்களும் மருத்துவப் பணியாளர்களும் சேர்ந்து அமைத்த ஒரு தொண்டர் குழு அங்கே பிறருக்குப் பயிற்சி அளித்திருக்கிறது. பின்னர் ஒரு கொள்ளைநோய் வந்து அவர்களையும் கொண்டுபோய்விட்டது. ஆனால் பயிற்சி இன்னும் நடக்கிறது. தொண்டர்கள் எவரும் இல்லை. அவர்கள் எழுதிவைத்த பாடம் மட்டும் இயந்திரத்தின் வழியே நமக்குக் கட்டளையிடுகிறது. ஆற்றில் நீர் எடு. கொதிக்க வை. இறைச்சியைச் சுட்டுத் தின். ஒரு வீட்டின் கணினித் திரையில் ஒருவர் தம் சமையல் குறிப்புகளை எழுதிவைத்திருக்கிறார்.

நீரைக் கொதிக்க வைக்கும் கட்டளை வந்தபோது எங்களுள் ஊர்க்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். திரும்பி வந்து, "இத இரண்டு மாசம் நிஜமாப் பண்ணியாச்சு" என்று சிரித்தார். பிறகு விளையாட்டு அப்படியே தொடர்ந்தது. ஆனால் ஏதோ ஒன்று மாறிவிட்டிருந்தது.

இந்த ஆட்டத்தின் அடிப்படைச் செயல் பொறுக்குவது. யாருடைய வீட்டிலும் புகலாம். மேசை விசிறி, பசைநாடா, கரண்டி, பொம்மை எதையும் எடுக்கலாம். உடைத்து மூலப்பொருளாக்கி நமக்கான குடிலைக் கட்டிக்கொள்ளலாம். "எதற்கு வந்தாய்" என்று கேட்க ஆளில்லை. அந்நிலத்தின் சூழல் அத்தனை இன்பமாக இருப்பதற்கு இதுவே காரணம் என்பது எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. அது உரிமையாளர் இல்லாத இடிபாடு. ஓலைக்குவியலுக்கு அப்பாலிருந்து பெரியப்பா நிமிர மாட்டார்.

*

இந்த இன்பம் எங்களுக்குப் புதிதும் அன்று. கல்லூரி நாட்களில் இராமேசுவரத்திலிருந்து மணலில் குலுங்கும் வண்டியில் தனுஷ்கோடி போயிருக்கிறோம். அரிச்சல்முனை வரையிலான சாலை 2017-இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு அந்தப் பயணமே ஒரு சாகசம். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வந்த புயலில், பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடலுக்குள் போனது. ஊர் வாழத் தகுதியற்றதென்று அறிவிக்கப்பட்டது. கூரையற்ற தேவாலயமும் ரயில் நிலையத்தின் சுவர்களும் எஞ்சின. நாங்கள் அச்சுவர்களுக்கு முன்னால் நின்று, மௌனம், தனிமை, காலம் என்றெல்லாம் பேசினோம். கூப்பிடு தூரத்தில் ஓலைக்குடிசைகளில் மீனவக் குடும்பங்கள் இருந்தன. பெண்கள் மணலைத் தோண்டி, ஊறிய நன்னீரைச் சிரட்டையால் முகந்து குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கள் படங்களில் அவர்கள் எவரும் இல்லை. படத்தைக் கெடுத்துவிடுவார்கள் என்று கவனமாக விலக்கியிருந்தோம்.

திரைப்பட ஆர்வலர்களுக்கு தார்க்கோவ்ஸ்கியின் ஸ்டாக்கர் நினைவிருக்கும். ஸ்ட்ருகாட்ஸ்கி சகோதரர்கள் 1972-இல் வெளியிட்ட நாவலிலிருந்து 1979-இல் எடுக்கப்பட்ட படம். தடைசெய்யப்பட்ட ஒரு நிலப்பகுதி, அதற்குள் நீரில் மூழ்கிய நாணயங்களும் ஊசிகளும். 1986-இல் செர்னோபில் அணுவுலை வெடித்தபின், அந்தக் கற்பனை நிலம் உண்மையாகிவிட்டதாகப் பலருக்கும் தோன்றியது. 2007-இல் உக்ரைனிலிருந்து அதே பெயரில், செர்னோபில் நிலத்தையே களமாகக் கொண்டு ஒரு விளையாட்டும் வந்தது. அதையும் நாங்கள் இரசித்து விளையாடியிருக்கிறோம். வெளியேற்றப்பட்ட முதியவர்கள் சிலர், தடையை மீறித் தங்கள் கிராமங்களுக்கே திரும்பி வந்து உருளைக்கிழங்கு பயிரிட்டார்கள் என்பதைப் பின்னர்தான் படித்தோம். அழிந்த நிலம் என்று நாம் சொல்லும் இடத்தை அவர்கள் வீடு என்று சொன்னார்கள்.

ஃபால்அவுட் 76-ஐ முழுதும் குறைசொல்வது நேர்மையாகாது. அது நம்மை வெறும் வேடிக்கையாளராக விட்டுவிடுவதுமில்லை. சார்ல்ஸ்டன் நகருக்குள் நாங்கள் நுழைந்தபோது தெருக்களெங்கும் சேறு. கட்டடங்களின் கீழ்த்தளங்கள் புதைந்து கிடந்தன. போரால் வந்ததன்று இந்த அழிவு. போர் முடிந்து 5 ஆண்டுகள் கழித்து, 2082 கிறிஸ்துமஸ் நாளில், கொள்ளையர் மலைமேலிருந்த அணையை உடைத்துவிட்டார்கள். அதுவரை அந்தத் தொண்டர் குழு அந்நகரில் மருத்துவமும் உணவும் பாதுகாப்பும் ஒருவாறு நிலைநிறுத்தியிருந்தது. அதற்கான சான்றுகளைத் துண்டுதுண்டாக நாமே தேடி எடுத்துப் படிக்க வேண்டும். படிக்கப் படிக்க, காலடியில் கிடக்கும் சேறு வெறும் காட்சியாக இருப்பதை நிறுத்திவிடுகிறது.

கதைதானே என்று கடந்துவிடவும் முடியவில்லை. அதே மேற்கு வர்ஜீனியாவில், 1972 பிப்ரவரி 26 அன்று, பஃபலோ க்ரீக் பள்ளத்தாக்கில் நிலக்கரிக் கழிவுநீரைத் தேக்கிய அணை உடைந்து 125 பேர் மாண்டார்கள். சுரங்க நிறுவனத்தின் பிரதிநிதிகள் அதை இறைவனின் செயல் என்றார்கள். கஜாவின்போதும் எங்கள் பக்கம் அந்தச் சொல் நிறையக் கேட்டது. காற்று இயற்கைதான். ஆனால் எந்தத் தெருவுக்கு மின்சாரம் முதலில் வந்தது, எந்தக் குடியிருப்புக்குக் கடைசியில் வந்தது என்பதில் இயற்கைக்கு ஒரு பங்கும் இல்லை.

*

2020 ஏப்ரலில் அந்த உலகத்துக்குள் மனிதர்கள் திரும்பி வந்தார்கள். நிறுவனம் வெளியிட்ட ஒரு பெரிய விரிவாக்கத்தில், குடியேறிகளும் கொள்ளையரும் மலைகளில் வந்து வீடு கட்டிப் பேசத் தொடங்கினார்கள். அதே வேளையில் வெளியே உண்மை உலகம் ஆளரவமற்றுப் போயிருந்தது. பெருந்தொற்றால் வீட்டிலிருந்தே பணி என்றானபின் நாங்கள் இருவரும் கணினிகளோடு மணமேல்குடி திரும்பினோம். கேபிள்காரர் இழுத்துத் தந்த இணைப்பில், மூவரும் மூன்று வீடுகளிலிருந்து ஒரே மலைச்சரிவில் சந்தித்துக்கொண்டோம்.

அப்போது நிகழ்ந்த ஒன்று. ஊர்க்காரர் புதிதாகத் தொடங்கியிருந்ததால் கையில் ஒன்றுமின்றி, குறைந்த உயிரோடு ஆற்றோரம் நின்றிருந்தார். முன்பின் அறியாத, எந்த நாட்டவர் என்றும் தெரியாத ஒருவர் கனத்த கவசத்தோடு வந்து நின்றார். சுடப்போகிறார் என்று நினைத்தோம். அவர் ஒரு காகிதப் பையைத் தரையில் வைத்துக் கையசைத்துவிட்டுப் போய்விட்டார். உள்ளே கொதிக்க வைத்த நீரும் மருந்தும் இருந்தன. இந்த விளையாட்டில் மூத்தவர்கள் புதியவர்களுக்கு இப்படிச் செய்வது வழக்கமாகவே இருந்துவந்தது. எங்களுக்கோ 2018-இல் பெரிய சாலையைத் தாண்டி உள்ளே வந்த ஒரேயொரு வண்டி நினைவுக்கு வந்தது. அவர்களும் பெயர் சொல்லாமல் போய்விட்டார்கள்.

அங்கேயும் நாங்கள் குடில் கட்டினோம், சோளம் விதைத்தோம். சிறிது நேரத்தில் விளைந்துவிடும். பறித்தால் மீண்டும் விளையும். பழுதான மின்நிலையத்துக்குள் நுழைந்து குழாய்களைச் சரிசெய்தால் வட்டாரத்துக்கே மின்சாரம் வரும். தோளில் கம்பம் சுமக்க வேண்டியதில்லை. மீட்சியை இத்தனை எளிதாக்கிவிட்டதுதான் அந்த உலகத்தின் உண்மையான கற்பனை என்று தோன்றுகிறது. அழிவைக் கற்பனை செய்ய எங்களுக்கு எவருடைய உதவியும் தேவைப்படவில்லை.

பெரியப்பா 2019 மழைக்காலத்தில் கன்று வைத்தார். நெட்டை இரகம் காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகும். "நான் பாக்கிறதுக்கு இல்ல, கெடக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டேதான் ஒவ்வொரு கோடையிலும் தண்ணீர் ஊற்றினார். 2025-இல் சில கன்றுகள் முதல் பாளை விட்டன. நாங்கள் போயிருந்தபோது அவர் அவற்றைக் காட்டிவிட்டு, சற்று நேரம் பேசாமல் நின்று, பிறகு கேட்டார்.

"அன்னைக்கு ஒரு நா படம் புடிச்சியள்ல, அது இருக்கா? பேரனுக்குக் காட்டலாம்னு பாத்தேன். சொன்னா நம்ப மாட்டேங்கிறான்."

எங்களுக்கு நா எழவில்லை. குற்றவுணர்ச்சியால் அழித்ததைப் பெருந்தன்மை என்று ஏழு ஆண்டுகளாக நினைத்திருந்தோம். சமையல் குறிப்பு எழுதிவைத்த ஒருவரின் வீட்டில் நின்று அவருக்காக மனம் கசிந்தவர்கள், எங்கள் ஊரின் ஒரே சான்றை எங்கள் கையாலேயே இல்லாமலாக்கியிருந்தோம். படம் எடுத்தது பிழையாக இருந்திருக்காது. எடுத்துவிட்டு மரத்தையும் தூக்கியிருந்தால், அது அவருடைய படமாகவே இருந்திருக்கும்.

"தேடிப் பாக்குறோம் பெரியப்பா" என்று சொல்லிவிட்டு வந்தோம். சொன்னபடியே தேடிக்கொண்டும் இருக்கிறோம். அந்நாட்களில் எடுத்த படங்களைப் பழைய கைபேசிகளில் வைத்திருக்கும் உறவினர்களையும் நண்பர்களையும் ஒவ்வொருவராகக் கேட்டு வருகிறோம். சாலையில் கிடந்த புளியமரங்கள் கிடைத்திருக்கின்றன. ஜெனரேட்டர் வரிசை கிடைத்திருக்கிறது. ஒரு திருமண மண்டபத்தில் பாய் விரித்து உறங்குபவர்கள் கிடைத்திருக்கிறார்கள். அந்தத் தோப்பு மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.